முதல் முறையா ரத்ததான முகாம் நடத்தப் போறோம்: எதை, எத்தனை வாரம் முன்னாடி தொடங்கணும்?

தெருவிளக்கு

எல்லாருக்கும் வணக்கம். ஆரணிப் பக்கத்துல எங்க ஊர் இளைஞர் மன்றம் சார்பா ஒரு ரத்ததான முகாம் நடத்தலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். மன்றத்துல 35 பேர். இதுக்கு முன்னாடி கபடிப் போட்டி, கோயில் திருவிழா அன்னதானம் எல்லாம் நடத்தியிருக்கோம். மருத்துவம் சம்பந்தமா எதுவும் செஞ்சதில்லை.

இப்போதைக்கு மனசுல இருக்கிறது இது: ஆகஸ்ட் 15, அரசு மேல்நிலைப் பள்ளி அரங்கம், காலை 9 முதல் மதியம் 1 வரை, இலக்கு 200 யூனிட் (ஒருத்தர் கொடுக்கிற ஒரு பை ரத்தம் ஒரு யூனிட்). கையில் இன்னும் பத்து வாரம் இருக்கு.

தெரிஞ்சுக்க வேண்டியது: யார்கிட்ட அனுமதி வாங்கணும்? ரத்தம் எடுக்க யாரைக் கூப்பிடணும்? இடம், கரண்ட், சாப்பாடு இதெல்லாம் எவ்வளவு தேவை? எங்க தப்பு நடக்கும்? அனுபவம் உள்ளவங்க விவரமா சொன்னா உதவியா இருக்கும்.

உதிரம்

முதலில் அந்த 200 என்ற எண்ணை அழித்துவிட்டுத் தொடங்குங்கள். உங்கள் திட்டத்தில் மற்றதெல்லாம் அந்த எண்ணிலிருந்துதான் வருகிறது. அதைத் தீர்மானிக்க வேண்டியவர்களோ நீங்கள் அல்ல, வரப்போகும் ரத்த மையம் (ரத்த வங்கி).

வெளி முகாமுக்கு எத்தனை ஆட்கள் வேண்டும் என்பதை மருந்து, அழகுசாதனப் பொருள் விதிகளே சொல்கின்றன. 3 மணி நேரத்தில் 50 முதல் 70 பேர், அல்லது 5 மணி நேரத்தில் 100 முதல் 120 பேரிடம் ரத்தம் எடுக்க ஒரு மருத்துவர், 6 முதல் 8 படுக்கைகளைக் கவனிக்க இரண்டு செவிலியர், இரண்டு மருத்துவ சமூகப் பணியாளர்கள், மூன்று டெக்னீஷியன்கள், இரண்டு உதவியாளர்கள். ஒரு குழு என்றால் இதுதான். உங்களுக்கு இருப்பது 4 மணி நேரம். 200 யூனிட் வேண்டுமென்றால் கிட்டத்தட்ட மூன்று குழுக்கள் வர வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனை ரத்த மையமாக இருந்தாலும், ஒரு விடுமுறை நாளில் அத்தனை ஆட்களை வெளியே அனுப்புவது நடக்காத காரியம்.

படுக்கைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஊசி குத்தி, பை நிறைந்து, அழுத்திப் பிடித்து, கொஞ்சம் படுத்திருந்து, எழுந்து, அடுத்தவருக்காகத் துடைத்து முடிக்க ஒருவருக்கு 20 நிமிடம். 6 படுக்கை என்றால் மணிக்கு 18 பேர். 4 மணி நேரத்துக்கு 72. முதல் அரை மணி நேரம் சூடு பிடிக்காது, கடைசி அரை மணி நேரம் இழுக்கும். ஆக 60 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் முகாமுக்கு 60 என்பது நல்ல எண்.

கூட்டத்தை அதிகம் சேர்த்தால் என்ன ஆகும்? இரண்டு மணி நேரம் வெயிலில் வரிசையில் நின்றவர் காலையில் சாப்பிட்ட இட்லி செரித்துப்போய், தண்ணீர் குடிக்காமல் படுக்கையில் ஏறுவார். மயங்கி விழுபவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். மருத்துவரும் அவசரத்தில் கேள்விகளைச் சுருக்குவார். அந்தக் கேள்விகள் நோயாளியைக் காப்பாற்றுவதற்காக இருப்பவை.

இன்னொன்று, எடுத்த ரத்தம் பயன்பட வேண்டும். சிவப்பணுக்கள் 2 முதல் 6 டிகிரி குளிரில் 35 நாள், கூடுதல் கரைசல் சேர்த்த பையில் 42 நாள் வரை இருக்கும். தட்டணுக்களுக்கு (பிளேட்லெட், ரத்தம் உறைய உதவுபவை) 5 நாள்தான் ஆயுள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 1 (தேசியத் தன்னார்வ ரத்ததான நாள்), அக்டோபர் 2, ஜூன் 14 (உலக ரத்ததானம் செய்வோர் நாள்), தலைவர்கள் பிறந்தநாள் என்று ஒரே நாளில் மாவட்டம் முழுக்க முகாம் நடந்தால், அந்த வாரம் தட்டணு தேங்கும். அடுத்த மாதம் பிரசவ வார்டில் பை இருக்காது. அதனால் ஆகஸ்ட் 15-ஐ விட்டுவிடுங்கள். ரத்த மையத்தில் போய், "எந்த வாரம் உங்களுக்குக் கையிருப்பு குறையும்? எத்தனை யூனிட் வேண்டும்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதுதான் உங்கள் தேதி, உங்கள் இலக்கு. பொதுவாகக் கல்லூரி விடுமுறைக் காலத்தில் வரத்து குறையும். மழைக் காலத்தில் டெங்கு வந்தால் தட்டணுவுக்குத் தேவை கூடும்.

உங்கள் பகுதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆகஸ்ட் 15 ஆடி மாதத்துக்குள் விழுகிறது. ஆடி ஞாயிறுகளில் அம்மன் கோயில் கூழ் வார்த்தல் இருக்கும், பலர் விரதம் இருப்பார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளும் அப்படியே. வெறும் வயிற்றோடு யாரிடமும் ரத்தம் எடுக்க மாட்டோம். ஆவணி ஞாயிறு நல்ல நாள், ஆனால் முகூர்த்தம் இருக்கிறதா, விநாயகர் சதுர்த்தி எப்போது என்று நாட்காட்டியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

யாரைக் கூப்பிடுவது: உரிமம் பெற்ற அரசு ரத்த மையம், செஞ்சிலுவைச் சங்கத்தின் மையம், அல்லது மாநிலக் குருதிப் பரிமாற்றுக் குழுமம் முகாம் நடத்த அங்கீகரித்த அறக்கட்டளை மையம். இந்த மூன்றில் ஒன்று. வேறு யார் வண்டி அனுப்புகிறேன் என்றாலும் உரிம எண்ணையும் அங்கீகாரக் கடிதத்தையும் கேளுங்கள். ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு தருகிறோம் என்று மன்றத்துக்குப் பணம் பேசினால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் பணம் கொடுத்து ரத்தம் வாங்குவது நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது.

பத்து வாரத்தை இப்படிப் பிரிக்கலாம். இந்த வாரமே ரத்த மையத்துக்கு நேரில் போய், மன்றத்தின் பெயரில் ஒரு கடிதம் கொடுங்கள். தேதி, இடம், எதிர்பார்க்கும் எண்ணிக்கை, பொறுப்பாளர்கள் இருவரின் எண் அதில் இருக்கட்டும். இரண்டு தேதிகள் எழுதுங்கள். தேதியை அவர்கள் எழுத்தில் உறுதி செய்த பிறகுதான் பள்ளி அரங்கம். தலைமையாசிரியர் வழியாக மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் போக வேண்டியிருக்கும், அதற்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள். ஆறாவது வாரத்தில் மையத்திலிருந்து ஒருவர் வந்து இடத்தைப் பார்க்கட்டும். கடைசி நான்கு வாரம் முழுக்க ஆட்களைச் சந்திப்பதற்கு. நோட்டீஸ், பிளெக்ஸ் இவற்றை இரண்டு வாரத்துக்கு முன் அடித்தால் போதும். பிளெக்ஸ் வைக்க உள்ளாட்சியிலும், ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்திலும் தனித்தனி அனுமதி வேண்டும்.

60 யூனிட் கிடைக்க 75 பேராவது வர வேண்டும், ஏனென்றால் ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம், மருந்து என்று ஐந்தில் ஒருவர் திருப்பி அனுப்பப்படுவார் என்று வைத்துத் திட்டமிடுவது பாதுகாப்பு. பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர்தான் வருவார்கள் என்று எண்ணி 150 பெயர் எழுதுங்கள்.

பந்தக்கால்

உதிரம் சொன்ன கணக்கு சரி. நான் இடம், ஆட்கள், சாப்பாடு பத்தி மட்டும் சொல்றேன்.

அரங்கம் தரைத்தளத்துல இருக்கணும். மாடி வேண்டவே வேண்டாம். ரத்தம் கொடுத்தவர் படியில தலை சுத்தி விழுந்தா எலும்பு முறியும். 6 படுக்கைக்கு 20 அடிக்கு 40 அடி தனியா வேணும், ஒவ்வொரு படுக்கைக்கும் ரெண்டு பக்கமும் 3 அடி இடைவெளி. மயங்கினவரை அதே இடத்துல கால் தூக்கி வைக்கணும், ஸ்ட்ரெச்சர் நுழையணும், அதுக்குத்தான் இந்த இடைவெளி. படுக்கையை மையத்துக்காரங்க கொண்டு வருவாங்களா, பள்ளிப் பெஞ்ச் சேர்த்துப் போடணுமான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. பெஞ்ச்னா ஜோடி ஜோடியாக் கட்டணும், மேல ஜமக்காளமும் துவைச்ச விரிப்பும். ஆடாத பெஞ்சா பாருங்க. ஆடினா ஊசி நகரும்.

வரிசை ஒரே திசையில் போகணும்: வாசல்ல பதிவு, அடுத்து படிவம் நிரப்பும் மேசை, எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், டாக்டர் மேசை, படுக்கை, ஓய்வு, சாப்பாடு, வெளியே. உள்ளே வர்றவரும் வெளியே போறவரும் ஒரே கதவுல மோதக் கூடாது. டாக்டர் மேசையை மூலையில வச்சு மூணு பக்கம் துணியால மறைங்க. அங்க கேக்கிற கேள்விக்கு அடுத்தவன் காதுல விழுற மாதிரி யாரும் உண்மை சொல்ல மாட்டாங்க. மத்த எல்லாத்தையும்விட இந்தத் திரைக்கு நான் முக்கியத்துவம் கொடுப்பேன். கூட வந்த நண்பனையும் அந்த மூலைக்குள்ள விடாதீங்க.

கைகழுவ ஓடுற தண்ணி படுக்கைப் பக்கத்துலயே வேணும். குழாய் தூரமா இருந்தா, குழாய் வச்ச 50 லிட்டர் டிரம் ஒண்ணு, கீழ பக்கெட் ஒண்ணு.

கரண்ட்: 10 ஃபேன், 8 டியூப் லைட், பையை ஆட்டுற மெஷின், பைக் குழாயை மூடுற சீலர் எல்லாம் சேர்த்தாலும் 2 கிலோவாட்டுக்குள்ள அடங்கிடும். 3 கேவிஏ ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து, முந்தின நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்க. சனிக்கிழமை நடத்துறதா இருந்தா மின்வாரியத்தோட மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்னைக்கு வருதான்னு துணை மின்நிலையத்துல கேட்டுடணும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வயரைத் தரையில நடக்குற வழியில விடாதீங்க, சுவரோரமா ஒட்டுங்க.

ஆட்கள்: 35 பேர்ல 18 பேர் போதும். வாசலில் 2, படிவம் 3, வரிசையை நகர்த்த 2, படுக்கைப் பக்கம் 3, ஓய்வறையில 4, சாப்பாடு 2, வண்டி நிறுத்த 1, ஓடியாட 1. மீதி 17 பேர்ல தகுதி உள்ளவங்க ரத்தம் கொடுக்கட்டும், ஆனா ரத்தம் கொடுத்தவரை அன்னைக்கு நாற்காலி தூக்க விடக் கூடாது. பந்தல் பிரிக்கிற வேலைக்குக் கொடுக்காதவங்களை மட்டும் வைங்க.

நேரம் பிரிச்சு டோக்கன் கொடுங்க. அரை மணிக்கு 10 பேர். 9 மணிக்கு இந்தத் தெரு, 9:30-க்கு அந்தத் தெருன்னு பிரிச்சா வரிசையே இருக்காது. 12:30-க்கு மேல டோக்கன் வேண்டாம். தலைவர் வந்து தொடங்கி வைக்கிற நிகழ்ச்சி வச்சீங்கன்னா அதை முகாமுக்கு முந்தின நாளே வச்சிடுங்க, இல்லன்னா கடைசியில சான்றிதழ் கொடுக்கும்போது. 9 மணிக்குத் தலைவருக்காகக் காத்திருந்து 11-க்கு ஆரம்பிக்கிற முகாம் எங்கும் ஒப்பேறாது. டெக்னீஷியன்கள் மணி 2-க்குக் கிளம்பியே ஆகணும்.

சாப்பாடு: காலையில சாப்பிடாம வர்றவங்க நிச்சயம் இருப்பாங்க. 30 பேருக்கு ஆளுக்கு 4 இட்லி, அதாவது 120 இட்லி, சாம்பார், வாசல்லயே. சாப்பிட்டவரை அரை மணி நேரம் உட்கார வச்சுட்டு அனுப்புங்க. ரத்தம் கொடுக்கிறதுக்குப் பத்துப் பதினஞ்சு நிமிஷம் முன்னாடி ஆளுக்கு அரை லிட்டர் தண்ணி. கொடுத்த பிறகு 200 மில்லி பழச்சாறு, ஒரு பாக்கெட் பிஸ்கட், ஒரு வாழைப்பழம். 75 பேர் வருவாங்கன்னா ஜூஸ் 90, பிஸ்கட் 90, பழம் 100. ஆளுக்கு ஒரு லிட்டர் கணக்குல 75 லிட்டர், குழுவும் நம்ம ஆட்களும் 30 பேருக்கு ஒண்ணரை லிட்டர் வீதம் 45, ஆக 120 லிட்டர்: 20 லிட்டர் கேன் 6. ஒரு கேன் கூடுதலா வாங்கி வைங்க. மருத்துவக் குழு 10 பேருக்கு டிபனும் மதியச் சாப்பாடும் தனியா. அவங்க விடிகாலை 6 மணிக்கே கிளம்பியிருப்பாங்க.

கூட்டம் சேர்க்கிறதுக்கு ஒரு யோசனை. ரத்தம் கொடுத்தவங்க பேரைச் சீட்டுப் போட்டு ஒருத்தருக்கு ஹெல்மெட்டோ மிக்ஸியோ பரிசு வச்சா வரத்து நல்லா இருக்கும். ஸ்பான்சர் பிடிக்கிறதும் சுலபம்.

உதிரம்

பந்தக்கால் சொன்னதில் கடைசிப் பத்தியை மட்டும் ஏற்க முடியாது. மிக்ஸிக்காக வருபவர் "போன மாதம் மஞ்சள் காமாலை வந்தது" என்று டாக்டரிடம் சொல்ல மாட்டார். பரிசு மறைக்கத் தூண்டும். எல்லாப் பையையும் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்குச் சோதிக்கிறோம்தான். ஆனால் தொற்று புதிதாக வந்த ஆரம்ப நாட்களில் எந்தச் சோதனையிலும் தெரியாத ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியை அடைப்பது கொடுப்பவரின் உண்மையான பதில் ஒன்றுதான். அதனால் சான்றிதழ், கொடையாளர் அட்டை, ஒரு பேனா அல்லது கீ செயின். அதற்கு மேல் வேண்டாம்.

இதே காரணத்தால் நோட்டீஸில் "இலவச எச்ஐவி பரிசோதனை" என்று ஒருபோதும் போடாதீர்கள். சோதனைக்காக வருபவர்தான் அதிக ஆபத்தில் இருப்பவர். அப்படிக் கேட்பவரை அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்கு அனுப்புங்கள், அங்கே இலவசமாக, ரகசியமாகப் பார்ப்பார்கள்.

குளிர்ப்பெட்டி

லேப் பக்கம் இருந்து கொஞ்சம். பலர் யோசிக்காத விஷயம், முகாம் இடத்துக்கும் ரத்த மையத்துக்கும் உள்ள தூரம்.

ஒரு பையிலிருந்து சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று மூன்றாகப் பிரிக்க வேண்டுமென்றால் எடுத்த நேரத்திலிருந்து 6 முதல் 8 மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃபியூஜில் (வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம்) ஏறணும். 6 மணி நேரம் என்று வைத்தால், 9 மணிக்கு எடுத்த முதல் பைக்கு மதியம் 3 மணியே கெடு. நீங்கள் 2 மணிக்குத்தான் வண்டியை விடுகிறீர்கள், வழியில் ஒன்றரை மணி நேரம் என்றால் முதல் அரை மணி நேரத்தில் எடுத்த பைகள் முழு ரத்தமாகவே இருந்துவிடும். மூன்று நோயாளிக்குப் போக வேண்டியது ஒருவருக்குப் போகும். தீர்வு சுலபம்: 11:30-க்கு ஒரு நடை, முடிந்ததும் ஒரு நடை. முதல் நடைக்கு மன்றத்தின் பக்கம் ஒரு கார் தயாராக வையுங்கள், உடன் ஒரு டெக்னீஷியன் பெட்டியோடு போவார். இதை முன்கூட்டியே மையத்திடம் பேசி ஒப்புதல் வாங்கணும், அன்றைக்குக் காலையில் கேட்டால் ஆள் விட மாட்டார்கள்.

தட்டணு எடுக்கப் போகும் பையை ஐஸில் வைக்கக் கூடாது, அது 20 முதல் 24 டிகிரியில் போகணும். குளிரில் தட்டணு கெட்டுப்போகும். உதவி செய்கிறேன் என்று ஐஸ் கட்டி வாங்கிவந்து பெட்டியில் கொட்டுவது நடக்கிறது. பெட்டியை நம் ஆட்கள் யாரும் தொட வேண்டாம். திறந்து போட்டோ எடுக்கவும் வேண்டாம். அரங்கம் ரொம்பச் சூடாக இருந்தால் அதுவே பிரச்சினை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை அரங்கத்தை முகாமுக்கு எடுக்காதீர்கள்.

350 மில்லி பையில் 49 மில்லி உறையாமைக் கரைசல் ஏற்கெனவே இருக்கும். அந்த அளவு ரத்தத்துக்குத்தான் அந்தக் கரைசல். பாதியில் மயங்கினதால் 200 மில்லியோடு நிறுத்தின பை பெரும்பாலும் வீண். மெதுவாக ஓடி 15 நிமிடத்துக்கு மேல் ஆன பையிலிருந்து தட்டணு எடுக்க முடியாது. தண்ணீர் குடித்து வந்தவர் பை 6 முதல் 8 நிமிடத்தில் நிறையும். பந்தக்கால் சொன்ன அரை லிட்டர் தண்ணீரின் பலன் பையிலேயே தெரியும்.

ஊசி, பஞ்சு, கையுறை எல்லாம் உயிரி மருத்துவக் கழிவு. எல்லாவற்றையும் மையமே வாங்கிப் போகணும். உங்கள் ஒப்புதல் கடிதத்தில் அந்த வரி இருக்கட்டும். பள்ளிக்கூடத்துக் குப்பைத் தொட்டியில் ஒரு பஞ்சுகூட மிஞ்சக் கூடாது. திங்கட்கிழமை குழந்தைகள் வருவார்கள்.

தெருவிளக்கு

ரொம்ப நன்றி. மன்றத்துல பேசிட்டோம். ஆகஸ்ட் 15 வேண்டாம், 60 யூனிட், தேதியை ரத்த மையம் சொல்லட்டும்னு முடிவு. நாளைக்கு நேர்ல போறோம்.

இன்னும் சில சந்தேகம்: வீடு வீடாப் போகும்போது யார்கிட்ட கேக்கலாம், யார்கிட்ட கூடாதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? பெண்கள் நிறையப் பேர் கேக்குறாங்க, அவங்களுக்கு என்ன விதி? மயக்கம் வந்தா எங்க ஆட்கள் என்ன செய்யணும்? ரத்த வகை பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?

உதிரம்

வாசலில் திருப்பி அனுப்புவதைவிட வீட்டிலேயே சொல்லிவிடுவது நல்லது. உங்கள் ஆட்கள் கையில் இந்த விவரம் இருக்கட்டும்.

வயது 18 முதல் 65. முதல் முறை கொடுப்பவர் 60-க்கு மேல் இருக்கக் கூடாது. எடை 45 கிலோ இருந்தால் 350 மில்லி, 55-க்கு மேல் இருந்தால் 450 மில்லி எடுக்கலாம். ஹீமோகுளோபின் குறைந்தது 12.5 கிராம், ஆண் பெண் இருவருக்கும். முந்தைய ரத்ததானத்திலிருந்து ஆணுக்கு 90 நாள், பெண்ணுக்கு 120 நாள் ஆகியிருக்க வேண்டும். ரத்த அழுத்தம் மேலே 100 முதல் 140, கீழே 60 முதல் 90. கொதிப்பு மாத்திரை சாப்பிடுபவர் கொடுக்கலாம், ஆனால் கடந்த 28 நாளில் மருந்தோ அளவோ மாறியிருக்கக் கூடாது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவரும் கடந்த 4 வாரம் மருந்து மாறாமல் இருந்தால் கொடுக்கலாம். இன்சுலின் போடுபவர் கூடாது. "எனக்குச் சுகர் இருக்கு, கொடுக்கக் கூடாது" என்று தாமாகவே ஒதுங்குபவர்கள் ஊரில் நிறைய, அவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

பச்சை குத்தியிருந்தால் 12 மாதம் காத்திருக்க வேண்டும். பெரிய அறுவைசிகிச்சை 12 மாதம், சிறியது 6 மாதம். டைபாய்டு 12 மாதம். டெங்கு, சிக்குன்குனியா முழுதாகக் குணமாகி 6 மாதம். மலேரியா 3 மாதம். நாய் கடித்துத் தடுப்பூசி போட்டவர் ஒரு வருடம். லாரி, பஸ் ஓட்டுநர் அடுத்த ட்யூட்டிக்கு 24 மணி நேரம் இருந்தால்தான் கொடுக்கலாம், நெடுஞ்சாலை ஊரில் இதைக் கேட்காமல் விடக் கூடாது. இரவு வேலை முடித்துத் தூங்காமல் வருபவரைத் தூங்கிவிட்டு அடுத்த முகாமுக்கு வரச் சொல்லுங்கள்.

பெண்களைப் பொறுத்தவரை கர்ப்பம், பிரசவமாகி 12 மாதம், தாய்ப்பால் கொடுக்கும் காலம், மாதவிடாய் நாட்கள், இவை விலக்கு. திருப்பி அனுப்பப்படுபவர்களில் அதிகம் பெண்களாக இருப்பார்கள், காரணம் பெரும்பாலும் ஹீமோகுளோபின். பல முகாம்களில் ஒரு துளி ரத்தத்தை நீல நிறக் காப்பர் சல்பேட் கரைசலில் விடுவார்கள். அடர்த்தி 1.053. துளி நேராக மூழ்கினால் 12.5-க்கு மேல், மிதந்தால் குறைவு. மிதந்தவரிடம் "முடியாதும்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அவர் அடுத்த முறை வர மாட்டார், தன் ரத்தசோகையையும் கவனிக்க மாட்டார். தனியாக உட்கார வைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்து இரும்புச்சத்து மாத்திரை வாங்கச் சொல்லுங்கள். இதற்கென்று ஒரு பெண் தன்னார்வலரைக் கட்டாயம் வையுங்கள். திருப்பி அனுப்பப்பட்டவருக்கும் ஜூஸ் உண்டு. "ஏன் கொடுக்கல?" என்று வெளியே யாரும் கேட்கக் கூடாது. காரணம் அவருக்கும் டாக்டருக்கும் இடையில்.

மயக்கம். முகம் வெளுப்பது, நெற்றியில் வேர்ப்பது, கொட்டாவி, "ஒரு மாதிரி இருக்கு" என்பது முன்னறிகுறி. உட்கார வைக்காதீர்கள், இருந்த இடத்திலேயே மல்லாக்கப் படுக்க வையுங்கள், கால்களை ஓர் அடி உயர்த்துங்கள், சட்டைப் பொத்தானைத் தளர்த்துங்கள், சுற்றி நிற்பவர்களை விலக்குங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். நினைவு தெளியும் முன் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடும். முதல் முறை கொடுப்பவர், 18, 19 வயது, எடை குறைந்தவர், இவர்களுக்கு வாய்ப்பு அதிகம். பையில் ரத்தம் ஓடும்போது கால்களைக் குறுக்கே போட்டுத் தொடையை இறுக்கித் தளர்த்தச் சொன்னால் அழுத்தம் இறங்காது. ஒருவர் மயங்கினதைப் பார்த்து அடுத்த படுக்கைக்காரரும் மயங்குவது உண்டு, அதனால் ஒரு மடக்குத் திரை கைவசம் இருக்கட்டும்.

ஆபத்தானது படுக்கையில் வரும் மயக்கமல்ல, வெளியே போன பிறகு வருவது. ஓய்வறையில் 15 நிமிடம் உட்காராமல் யாரையும் விடாதீர்கள். கழிப்பறைக்குப் போனால் ஒருவர் துணைக்குப் போய் வெளியே நிற்கட்டும், தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். டூவீலரில் வந்தவர் அரை மணி நேரம் கழித்தே வண்டி எடுக்க வேண்டும். வண்டிச் சாவியை ஜூஸ் கொடுக்கும் மேசையில் வாங்கி வைத்துக்கொண்டால் ஒழுங்காக நடக்கும். ஊசி எடுத்த இடத்தில் கையை மடக்காமல் நேராக நீட்டி 5 நிமிடம் அழுத்தினால் கன்றிப்போகாது. அன்று முழுக்க அந்தக் கையால் குடம், மூட்டை, சிலிண்டர் தூக்க வேண்டாம்.

ரத்த வகைப் பட்டியலை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். தெரியாத ஆட்கள் நள்ளிரவில் கூப்பிடுவார்கள், பணம் கேட்டும் பணம் தருவதாகவும் பேசுவார்கள். பட்டியல் பொறுப்பாளர் இருவரிடம் மட்டும் இருக்கட்டும். நெகட்டிவ் வகைக்காரர்கள் பெயரைத் தனியாகக் குறித்து மையத்திடம் காட்டுங்கள். எல்லாரிடமும் அன்றே எடுக்காமல், தேவை வரும்போது கூப்பிட ஓரிருவரை வைத்துக்கொள்ளலாமா என்று அவர்கள் சொல்வார்கள்.

பந்தக்கால்

பரிசு விஷயத்துல உதிரம் சொன்ன காரணம் நான் யோசிக்காதது. அந்த யோசனையை விட்டுடுங்க. ஸ்பான்சர் பணம் வந்தா ஜெனரேட்டருக்கும் சாப்பாட்டுக்கும் வச்சுக்கலாம்.

சாவி வாங்கி வைக்கிறதுக்கு டோக்கன் எண்ணையே சாவியில கட்டிடுங்க, கயிறு போட்ட அட்டை 80 வெட்டினா போதும். இல்லன்னா ஒரே மாதிரி சாவி கலந்துடும்.

முந்தின நாள் சாயங்காலம் 18 பேரும் அரங்கத்துல கூடி, உங்கள்ல ஒருத்தரையே கொடையாளரா வச்சு வாசல்லேருந்து வெளிக்கதவு வரைக்கும் ஒரு தடவை நடத்திப் பாருங்க. எங்க நின்னு குழம்புறாரோ அங்க ஒரு அம்புக்குறி ஒட்டுங்க. அன்னைக்கு ராத்திரியே பெயர் கொடுத்த 150 பேருக்கும் போன்: நேரம், நல்லாத் தூங்குங்க, சாப்பிட்டு வாங்க, ஆதார் மாதிரி ஏதாவது அடையாள அட்டை எடுத்துட்டு வாங்க, அரைக்கை சட்டை போட்டு வாங்க. நாலு பேர் பிரிச்சுக்கிட்டா ஒன்றரை மணி நேரத்துல முடியும்.

குளிர்ப்பெட்டி

முடிந்த பிறகு ஒரு வேலை. மையத்திடம் ஒரு வாரம் கழித்து மூன்று எண்கள் கேளுங்கள்: எத்தனை பை எடுத்தோம், எத்தனை பேரை என்னென்ன காரணத்துக்குத் திருப்பினோம், எத்தனை பையைப் பிரிக்க முடிந்தது. பெயர்கள் வேண்டாம், எண்கள் மட்டும். சோதனை முடிவைத் தேவைப்பட்டால் மையமே அந்த நபரை நேரில் அழைத்துச் சொல்லும், மன்றம் அதில் தலையிடக் கூடாது. திருப்பியதில் பாதி ஹீமோகுளோபின் என்றால் அடுத்த முறை இரண்டு மாதம் முன்பே ரத்தசோகை பற்றிப் பேசணும். பாதி "சாப்பிடவில்லை" என்றால் இட்லி எண்ணிக்கையைக் கூட்டணும்.

அடுத்த முகாமுக்குத் தேதி குறிக்கும்போது ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 120 நாள் கணக்கை மறக்காதீர்கள். உதாரணத்துக்கு ஆகஸ்ட் 15-ல் கொடுத்த ஆண் நவம்பர் 13 முதல் கொடுக்கலாம், பெண் டிசம்பர் 13 முதல். டிசம்பர் நடுவில் வைத்தால் இரண்டு பட்டியலும் சேர்ந்து வரும். இந்தத் தடவை எடுத்த தேதியைக் கொடையாளர் அட்டையில் எழுதியிருக்கிறார்களா என்று அங்கேயே பார்த்துவிட்டு அனுப்புங்கள்.